ஏரியில் கடற்காகம்: கூட்டத்தில் வித்தியாசமான ஒன்றை அடையாளம் காண்பது எப்படி?

புனேயிலிருந்து சோலாப்பூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனால் பிக்வான் வரும். பீமா நதியின் குறுக்கே 1980-இல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணையின் தண்ணீர் இந்த ஊர் வரைக்கும் பின்னோக்கிப் பரந்து கிடக்கிறது. பூநாரைகளுக்குப் பேர்போன இடம். பக்கத்திலிருக்கும் கும்பார்காவ் கிராமத்து மீனவர்களே பயணிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு பூநாரைகள் நிற்கும் ஆழமில்லாத பகுதிக்குக் கூட்டிப்போவார்கள். போகிற வழியில் படகைச் சுற்றி வெள்ளையும் சாம்பலுமாகச் சில பறவைகள் கத்திக்கொண்டே பறக்கும். "கடற்காகம்" என்று யாராவது சொல்வார்கள், அதோடு எல்லாருடைய கேமராவும் பூநாரைப் பக்கம் திரும்பிவிடும்.

அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கடல் அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். அப்படியிருக்க ஏரியில் நிற்கும் இந்தக் கடற்காகங்களில் குறைந்தது இரண்டு இனங்கள் கலந்திருக்கும். குளிர்காலம் முழுக்கக் கவனித்தால் மூன்றாவது, நான்காவது இனமும் கண்ணில் படலாம். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் கடற்காகம் என்றாலே ஒதுங்கிவிடுகிறார்கள், எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று. முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இவ்வளவு சுவாரசியமான பறவைக் குடும்பம் ஏரிக்கரையில் வேறில்லை என்பது என் எண்ணம்.

கடற்காகத்துக்கு ஏரியில் என்ன வேலை?

பழுப்புத்தலைக் கடற்காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழவேற்காடு, கோடியக்கரை, ராமேஸ்வரம் என்று தமிழ்நாட்டுக் கடலோரத்தில் குளிர்காலத்தில் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது கடலோரத்தில் அல்ல. லடாக், திபெத் பீடபூமி, தஜிகிஸ்தான் போன்ற பகுதிகளின் மலை ஏரிகளில். லடாக்கின் ட்ஸோ கார், ட்ஸோ மோரிரி ஏரிகள் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த மாதிரி ஏரிகளின் சதுப்புகளில் கோடையைக் கழித்துவிட்டு, தண்ணீர் உறையத் தொடங்கும்போது தெற்கே வருகிறது. ஆக, கடல்தான் இதற்குக் குளிர்காலத் தங்கல். ஏரி இதற்குப் பிறந்த இடம். வரும் வழியில் பெரிய நீர்த்தேக்கமும், வலையிலிருந்து கழித்துப் போடும் மீனும், இரவில் நரியும் நாயும் எட்டாத நடுத்தண்ணீரும் கிடைத்தால் சில கூட்டங்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

தமிழ்நாட்டின் உட்பகுதி ஏரிகளில் கதை வேறு. அங்கே எந்தக் கடற்காகம் தென்பட்டாலும் குறித்து வைக்க வேண்டிய விஷயம்தான். பீமா, யமுனை, கங்கை போன்ற நதிகளை ஒட்டிய நீர்ப்பரப்புகளில்தான் உள்நாட்டில் பெருங்கூட்டமாகப் பார்க்க முடிகிறது. அதனால் பயிற்சி எடுக்க உஜனி மாதிரி இடம் நல்லது. கூட்டம் பெரிது, பறவைகள் படகுக்குப் பழகியவை, பக்கத்தில் வரும்.

அபூர்வமான கடற்காகத்தைத் தேடி அலைகிறவர்களுக்கு அது கிடைப்பது குறைவு. சாதாரணக் கடற்காகத்தை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருப்பவர் கண்ணுக்குத்தான் கூட்டத்தில் ஒட்டாமல் நிற்கும் ஒன்று தானாகவே உறுத்தும். எனவே முதல் இரண்டு பருவங்களை வழக்கமான இரண்டு இனங்களுக்கே ஒதுக்குங்கள். அதில் செலவாகும் நேரம் ஒன்றுகூட வீண்போகாது.

முதலில் ஆலாக்களைக் கழித்துவிடுங்கள்

அதே ஏரியில் ஆலாக்களும் (ஆங்கிலத்தில் டெர்ன்) பறக்கும். ஆற்று ஆலா, மீசை ஆலா, பருத்த அலகு ஆலா, சில சமயம் பெரிய சிவந்த அலகோடு காஸ்பியன் ஆலா. ஆலாவின் இறக்கை ஒடுங்கிக் கூராக இருக்கும், பறக்கும்போது அலகு கீழ்நோக்கியிருக்கும். ஆற்று ஆலா தலைகுப்புறத் தண்ணீரில் பாயும். மீசை ஆலா நீர்மட்டத்தைத் தொட்டுத் தொட்டு இரையெடுக்கும். ஆலாக்கள் தண்ணீரில் மிதந்தபடி ஓய்வெடுப்பது அரிது, திட்டிலோ மூங்கில் கம்பிலோதான் உட்காரும். கடற்காகமோ வாத்து மாதிரி சாவகாசமாக மிதக்கும். இறக்கை அகலம், உடல் கட்டை, நடையில் தயக்கமே இருக்காது. இந்தப் பிரிவு ஒரே நாளில் கைவந்துவிடும்.

இரண்டு வழக்கமான இனங்கள்

பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டின் தலையும் இனப்பெருக்கக் காலத்தில் பழுப்புதான். கருந்தலையின் பழுப்பு இன்னும் அடர்ந்தது, அவ்வளவே. அதைவிடச் சிக்கல், நாம் இவற்றைப் பார்க்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரண்டுக்கும் அந்தத் தலை நிறமே இருக்காது. வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால், காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருமைப் பொட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். தலையை நம்பி இனம் பிரிக்கப் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. தலையை விட்டுவிட்டு இறக்கையின் நுனிக்குப் போங்கள். கடற்காகங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் முதல் பாடம் இதுதான்.

கருந்தலைக் கடற்காகம் இறக்கையை விரிக்கும்போது, இறக்கையின் முன்விளிம்பில், மணிக்கட்டிலிருந்து நுனி வரைக்கும், ஒரு வெள்ளைப் பட்டை ஓடுவது தெரியும். வேட்டிக்குக் கரை கட்டியது போல அவ்வளவு சுத்தமாக இருக்கும். கருப்பு, நுனியின் பின்விளிம்பில் மெல்லிய கோடாக மட்டும். பழுப்புத்தலையில் நிலைமை வேறு. இறக்கை நுனியே அகலமான கருப்பு. அந்தக் கருப்புக்குள், வெளிப்புறத்து இரண்டு இறகுகளில், நீள்வட்டமாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பறவை நோக்கர்கள் அவற்றை மிரர் என்பார்கள். கருப்புக்கு உட்புறமாகப் பெரிய வெள்ளைத் திட்டு ஒன்றும் இருக்கும். அடியிலிருந்து பார்த்தாலும் அந்தக் கருநுனியும் அதனுள்ளே மிரரும் பளிச்சென்று தெரியும். கருந்தலையின் அடிப்பக்கத்தில் நடு இறகுகள் புகைபிடித்தது போல் மங்கிக் கிடக்க, முன்விளிம்பு மட்டும் வெள்ளையாக இருக்கும்.

உட்கார்ந்திருக்கும் பறவையில் இறக்கை மடங்கியிருக்குமே, என்ன செய்வது? கண்ணைப் பாருங்கள். முதிர்ந்த பழுப்புத்தலையின் கண் வெளிர் மஞ்சள், கிட்டத்தட்ட வெள்ளை. படகின் விளிம்பிலிருந்து இரண்டு கை தூரத்தில் ஒன்று மிதந்து வரும்போது கவனியுங்கள். அந்த வெளிர் கண்ணைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம், நடுவில் குண்டூசித் தலையளவு கருமணி. முகத்துக்கே ஒரு முறைப்பைக் கொடுத்துவிடும். கருந்தலையின் கண் அடர்நிறம், தூரத்திலிருந்து பார்த்தால் முழுக் கருப்பு. முகம் சாதுவாகத் தெரியும். அலகும் உதவும்: பழுப்புத்தலையின் அலகு சற்றுத் தடித்தது, சிவப்பில் கருநுனி தெளிவாக இருக்கும். உடலும் கொஞ்சம் பெரிது. பழுப்புத்தலை 41 முதல் 45 செ.மீ., கருந்தலை 37 முதல் 43 செ.மீ. அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் உருவத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கண்ணின் வெளிர் நிறம் முதிர்ந்த பறவைக்கு மட்டுமே. முதல் குளிர்காலத்தில் இருக்கும் பழுப்புத்தலை இளம்பறவையின் கண் இன்னும் அடர்நிறம்தான். இறக்கை நுனியில் மிரரும் வந்திருக்காது. கண்ணையும் மிரரையும் மட்டும் மனப்பாடம் செய்தவர் இதைக் கருந்தலை என்று எழுதிவிடுவார். அப்போது பார்க்க வேண்டியது கருப்பின் பரப்பு. இளம் பழுப்புத்தலைக்கும் இறக்கை நுனி முழுக்கக் கருப்பாகத்தான் இருக்கும், முன்விளிம்பில் சுத்தமான வெள்ளைக் கரை ஓடாது.

வயதைக் கேட்காமல் இனத்தைக் கேட்காதீர்கள்

மேலே சொன்ன பொறி தற்செயல் அல்ல. கடற்காகங்களில் ஒரே இனமே வயதுக்கு ஒரு தோற்றம் காட்டும். சிறிய கடற்காகங்கள் இரண்டாவது குளிர்காலத்துக்குள் முதிர்ந்த தோற்றத்தை எட்டிவிடும். பெரிய இனங்களுக்கு நான்கு ஆண்டுகள் வரை பிடிக்கும். அந்த நான்கு ஆண்டுகளும், ஒவ்வொரு இறகு உதிர்ப்பிலும், பழுப்பு குறைந்து சாம்பலும் வெள்ளையும் கூடிக்கொண்டே வரும்.

ஏரியில் வித்தியாசமாகத் தெரியும் கடற்காகத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, "இது வேறு இனமா?" என்பதல்ல. "இதற்கு என்ன வயது?" என்பதுதான். இறக்கையின் மேற்பரப்பில் பழுப்புப் பட்டை இருக்கிறதா, வாலின் கடைசியில் கருப்புப் பட்டை இருக்கிறதா, அலகும் காலும் சிவப்பாக இல்லாமல் வெளிறிய ஆரஞ்சாக இருக்கின்றனவா? இருந்தால் அது பெரும்பாலும் நம் வழக்கமான இனத்தின் இளம்பறவை. வால் பட்டை இளமையின் மிக நம்பகமான அடையாளம், பறக்கும்போது சட்டென்று தெரியும்.

வயதுக்கு அடுத்து இறகின் தேய்மானம். கருப்பு நிறத்தைத் தரும் மெலனின் இறகுக்கு வலுவும் தருகிறது. அது இல்லாத வெள்ளைப் பகுதிகள் சீக்கிரம் தேய்ந்து உதிரும். மார்ச், ஏப்ரலில் ஒரு முதிர்ந்த பறவையின் இறகு ஓரத்து வெள்ளையெல்லாம் போய், நுனி வெறும் கருப்பாகக் காட்சி தருவது உண்டு. இளம்பறவையின் பழுப்போ வெயிலில் வெளுத்து வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அக்டோபர், நவம்பரில் வந்திறங்கும் சிலவற்றுக்கு நுனி இறகுகள் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. அப்போது இறக்கை குட்டையாகவும் மழுங்கலாகவும் தெரியும். நுனி வடிவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர் இதை மறக்கக் கூடாது.

வெளிச்சமும் தன் பங்குக்குக் குழப்பும். சாம்பல் நிறம் உச்சி வெயிலில் வெள்ளையாகவும் எதிர்வெளிச்சத்தில் கரும்பலகை நிறமாகவும் தெரியும். ஒரே பறவை உடலைத் திருப்பினால்கூட முதுகின் நிறம் மாறிவிடும். சாம்பலின் அடர்த்தியை ஒப்பிட வேண்டுமென்றால், இரண்டு பறவைகளும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும்போது ஒப்பிடுங்கள். மேகமூட்டமான காலை இதற்கு வாய்த்தால் அதிர்ஷ்டம். படங்களில் கேமரா தானாகக் கூட்டிக் குறைக்கும் வெளிச்சம் வேறு இருக்கிறது, ஒற்றைப் படத்தை நம்பிச் சாம்பலை அளக்காதீர்கள்.

இவை தவிர எண்ணெயும் சேறும் ஒட்டிய பறவை, நிறமிக் குறைபாட்டால் வெளுத்துப் போன பறவை என்றும் உண்டு. வயது, தேய்மானம், வெளிச்சம், அழுக்கு ஆகிய நான்கையும் கழித்த பிறகும் பறவை பொருந்தாமல் நின்றால் மனது துள்ளலாம்.

கூட்டத்தை எப்படிப் பார்ப்பது?

பைனாகுலர் போதும். முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. படகைவிடக் கரை வசதி, கை ஆடாது. உஜனியில் மழை முடிந்த கையோடு தண்ணீர் நிறைந்திருக்கும். பிப்ரவரிக்கு மேல் மட்டம் இறங்க இறங்கச் சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும். அந்தத் திட்டுகளில் நண்பகலிலும், இரவுத் தங்கலுக்கு முன்னால் மாலையிலும், கடற்காகங்கள் ஒரே திசையில், காற்றை எதிர்நோக்கி வரிசையாக நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான காட்சி அமையாது.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒவ்வொரு பறவையாகக் கண்ணை நகர்த்துங்கள். முதல் சுற்றில் உயரம் மட்டும். வரிசையில் தலை தூக்கித் தெரிவது எது? அடுத்த சுற்றில் முதுகின் சாம்பல். பிறகு கால் நிறம். பிறகு முகம். ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் பார்ப்பதால் கண் சலிக்காது, வித்தியாசமும் தப்பாது. எல்லாம் முடிந்தபின் காத்திருங்கள். ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தால் போதும், கூட்டம் முழுக்க எழும்பும், இறக்கைகள் விரியும். நீங்கள் குறித்து வைத்த பறவையின் நுனியும் வாலும் அந்தப் பத்து வினாடிகளில் தெரிந்துவிடும். அதற்காகக் கல்லெறிந்தோ படகை விட்டோ கலைக்க வேண்டாம். வலசை வந்த பறவைக்கு ஒவ்வொரு தேவையற்ற பறப்பும் சேமித்த கொழுப்பின் செலவு.

டெல்லி யமுனைக் கரையிலும் பிரயாக்ராஜின் திரிவேணி சங்கமத்திலும் குளிர்காலத்தில் மக்கள் படகிலிருந்து சேவு வீசுவார்கள், கடற்காகங்கள் முகத்துக்கு நேரே வந்து கொத்தும். இறக்கை நுனியைப் படமெடுக்க அதைவிட எளிய இடம் கிடையாது, உண்மைதான். ஆனால் எண்ணெயும் உப்பும் காரமும் சேர்ந்த பலகாரம் மீனும் பூச்சியும் தின்னும் பறவைக்கான உணவல்ல. படத்துக்காக நாமும் வீச வேண்டாம்.

யாரெல்லாம் விருந்தாளிகள்?

வரிசையில் தலை தூக்கித் தெரிந்தது பெரும்பாலும் பல்லாஸ் கடற்காகமாக இருக்கும். பெரிய கருந்தலைக் கடற்காகம் என்றும் சொல்வார்கள். உஜனியில் இது ஆண்டுதோறும் எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றாலும் முதன்முறை பார்க்கிறவர் வாயடைத்துப் போவார். நீளம் 55 முதல் 72 செ.மீ., இறக்கை விரித்தால் ஒன்றரை மீட்டர் அளவுக்குப் போகும். பக்கத்தில் நிற்கும் பழுப்புத்தலை இதன் குஞ்சோ என்று தோன்றும். 1773-இல் இதை அறிவியலுக்கு விவரித்தவர் பீட்டர் சைமன் பல்லாஸ். கருங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்து மங்கோலியா வரை இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தில் நம் பக்கம் வருகிறது. நெற்றி சரிந்து நீண்ட கனத்த அலகோடு சேரும். முதிர்ந்த பறவையின் மஞ்சள் அலகில் கருப்பும் சிவப்பும் அடுத்தடுத்து நிற்கும், கால் மஞ்சள். கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறைகள். குளிர்காலத்தில் கண்ணுக்குப் பின்னால் அழுக்கான முகமூடி மட்டும் இருந்து, ஜனவரி, பிப்ரவரியிலேயே தலை முழுக்கக் கருப்பாகிவிடும். இதன் தலைதான் உண்மையில் கருப்பு. மற்ற பெரிய இனங்களின் தலை எந்தப் பருவத்திலும் இப்படிக் கருக்காது என்பதால், கருந்தலையோடு நிற்கும் பெரிய கடற்காகத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இதன் இளம்பறவைதான் ஆட்களை அலைக்கழிக்கும். முதல் குளிர்காலத்தில் இறக்கையை மேலே மூடியிருக்கும் போர்வை இறகுகள் பழுப்பாக இருந்தாலும் முதுகில் சாம்பல் அப்போதே வந்துவிடும். பிடரியில் சால்வை போட்ட மாதிரி கருமை. வால் கடைசியில் ஓரம் பிசிறாத கருப்புப் பட்டை. இந்த மூன்றும் சேர்ந்தால் பல்லாஸ். வேறு பெரிய இனத்தின் அதே வயதுப் பறவைக்கு முதுகும் இறக்கையும் ஒருசேரப் பழுப்புப் புள்ளிகளாகக் கலங்கிக் கிடக்கும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது, மெல்லிய அலகுக் கடற்காகம். குஜராத் கடலோரத்தில் குளிர்காலத்தில் நல்ல எண்ணிக்கையில் இருக்கும். தெற்கே, அதுவும் உள்நாட்டு ஏரியில், அபூர்வம். இது கருந்தலைக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் இறக்கையில் அதே வெள்ளைக் கரை இதற்கும் உண்டு. இறக்கை நுனிப் பாடம் கைகொடுக்காத இடம் இது, உருவ அமைப்புதான் பேசும். நெற்றி தட்டையாகச் சரிந்து நீண்ட அலகோடு ஒரே கோட்டில் சேர்வதால் முகம் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கழுத்து நீளம். கால் நீளம். முதிர்ந்த பறவையின் கண் வெளிர். தலையில் எந்தப் பருவத்திலும் பழுப்பு ஏறாது. காதுப் பொட்டு மங்கல் அல்லது இல்லவே இல்லை. மார்பிலும் வயிற்றிலும் லேசான ரோஜா நிறம் ஏறியிருந்தால் இன்னும் அழகு, ஆனால் அந்த நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கருந்தலையின் வெள்ளையிலும் சில நேரம் அந்தச் சாயல் வரும்.

கவனம் தேவைப்படுவது எங்கே என்றால், கருந்தலைக் கடற்காகம் ஏதாவது சத்தம் கேட்டு மிரளும்போது கழுத்தை நீட்டும். அந்த நேரத்தில் அதுவும் மெல்லிய அலகுக்காரன் போலவே நிற்கும். ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். கருந்தலை கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உருண்டை முகத்துக்குத் திரும்பிவிடும். மெல்லிய அலகின் முகம் தளர்ந்து நிற்கும்போதும் நீண்டே இருக்கும். காதுப் பொட்டு அடர்ந்திருக்கிறதா, கண் கருப்பா வெளிரா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

மூன்றாவது, முதுகு அடர்சாம்பலாக உள்ள பெரிய கடற்காகங்கள். வடக்கு ரஷ்யாவின் தூந்திரப் பகுதியிலிருந்து வரும் ஹியூக்ளின் கடற்காகம், அதைவிடக் கொஞ்சம் வெளிறிய முதுகுள்ள ஸ்டெப்பி கடற்காகம் இரண்டும் நம் கடலோரங்களில் குளிர்காலத்தில் கிடைக்கும், ஏரிகளில் எப்போதாவது. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் உள்ளினங்கள். மஞ்சள் கால், மஞ்சள் அலகு, கீழ் அலகின் நுனியருகே சிவப்புப் புள்ளி. பல்லாஸின் முகமூடி இல்லாமல் குளிர்காலத்தில் தலையிலும் பிடரியிலும் கோடு கோடாக இருக்கும். ஹியூக்ளின் இறகு உதிர்ப்பை மிகத் தாமதமாக முடிக்கும் பறவை. டிசம்பர், ஜனவரியிலும் அதன் நுனி இறகுகள் வளர்ந்துகொண்டிருக்கலாம், அது ஒரு துப்பு.

இந்த இரண்டையும் பிரிப்பதைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அறிவுரை. முதுகுச் சாம்பலின் அடர்த்தி வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறுகிறது, இரண்டின் அளவுகளும் கலக்கின்றன, இளம்பறவைகள் என்றால் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே படத்தை வைத்துக்கொண்டு விவாதிக்கிறார்கள். பெரிய கடற்காகங்களின் வகைப்பாடே இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. ஹெரிங் கடற்காகம் என்று ஒன்றாக இருந்ததை, பறவை நோக்கர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் இணையதளமான இ-பேர்ட் 2024-இல் நான்கு இனங்களாகப் பிரித்தது. அறிவியலாளர்களே தயங்கும் இடத்தில் நாமும் தயங்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கடைசியாக, மிகச் சிறியது. குட்டிக் கடற்காகம் 25 முதல் 30 செ.மீ. மட்டுமே, உலகின் கடற்காகங்களிலேயே சிறியது, இந்தியாவில் மிக அபூர்வம். நீர்மட்டத்தை ஒட்டி மீசை ஆலா மாதிரி இரையெடுக்கும் என்பதால் முதலில் கழித்துவிட்ட ஆலாக் கூட்டத்திலேயே கலந்து போகக்கூடும். முதிர்ந்த பறவையின் இறக்கை நுனி மழுங்கலாக, அடிப்பக்கம் கிட்டத்தட்டக் கருப்பாக, பின்விளிம்பு வெள்ளையாக இருக்கும். இளம்பறவையின் விரிந்த இறக்கைகளின் மேல் குறுக்கே ஒரு கருப்பு வளைகோடு ஓடி, இரண்டும் சேர்ந்து ஒரு நெளிவாகத் தெரியும். இப்படிப்பட்ட நெளிவைக் கண்டால் குறிப்பேட்டை எடுக்க வேண்டாம், கேமராவை எடுங்கள்.

பதிவு செய்வது

எந்த வித்தியாசமான கடற்காகத்துக்கும் நான்கு படங்கள் வேண்டும்: இறக்கை விரிந்த மேற்பக்கம், அடிப்பக்கம், வால், பக்கவாட்டில் முகம். ஐந்தாவதாக, பக்கத்தில் நிற்கும் வழக்கமான இனத்தோடு சேர்த்து ஒன்று. அளவைச் சொல்ல அது இல்லாமல் முடியாது. மங்கலாக வந்த படத்தையும் அழிக்காதீர்கள். கலங்கிய படத்திலும் நுனியில் கருப்பு எவ்வளவு என்பது தெரியும், சமயத்தில் அதுவே போதும். படமெடுக்க முடியாவிட்டால் அங்கேயே, புத்தகத்தைத் திறப்பதற்கு முன், பார்த்ததை எழுதிவிடுங்கள். கால் நிறம், அலகு நிறம், கண், நுனி, வால். புத்தகத்தைப் பார்த்த பிறகு எழுதினால் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்ததாக மனம் நம்பிவிடும்.

இ-பேர்டில் அபூர்வமான இனத்தை ஏற்றினால் அந்தப் பகுதியின் சரிபார்ப்பாளர் விவரம் கேட்பார். இதைச் சந்தேகிக்கிறார்கள் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். வழிதவறி வந்த பறவையின் பதிவு பல ஆண்டுகள் கழித்து ஆய்வுக்குப் பயன்படப் போகிறது, அது நம்பத்தகுந்ததாக இருக்க வேண்டும். கைபேசிச் செயலி படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய இனங்களில் அது நன்றாகவே சொல்கிறது. பெரிய இளம்பறவைகளில் உறுதியாகத் தப்பாகச் சொல்லவும் கூடும். இனம் தெரியாவிட்டால் "கடற்காகம், இனம் தெரியவில்லை" என்று பதிவதற்குப் பட்டியலிலேயே இடம் இருக்கிறது. படத்தோடு அப்படி ஏற்றி வைத்தால் அனுபவமுள்ள ஒருவர் பின்னால் பெயர் சொல்லக்கூடும்.

முதல் தடவை போகிறவர் பிப்ரவரி பிற்பாதியைத் தேர்ந்தெடுங்கள். திட்டுகள் வெளியே தெரியும், பல்லாஸின் தலை கருத்திருக்கும், மற்ற இரண்டுக்கும் பழுப்புத் தலை ஏறத் தொடங்கியிருக்கும். ஒரே வரிசையில் முழுத்தலை, அரைத்தலை, வெறும் பொட்டு என்று எல்லாக் கட்டங்களும் நிற்கும். மார்ச் போனால் முதிர்ந்தவை வடக்கே கிளம்பிவிடும். மே மாதம் ஏரியில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு, பெரும்பாலும், இறகெல்லாம் வெளுத்துத் தேய்ந்துபோன இளம்பறவைகள். அவற்றை இரண்டாவது ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.